வெப் நிரலில் லூப்: நேரம் எங்கே போகிறது?

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பட்டியலைச் சுற்றிவர ஃபார், ஒய்ல், டூ ஒய்ல், ஃபார் இன், ஃபார் ஆஃப், ஃபார்ஈச், மேப், ஃபில்டர், ரெட்யூஸ் என்று ஒன்பது வழிகளாவது உண்டு. புதிதாக நிரல் எழுத வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எது வேகமானது?" என்பதுதான். அதற்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒருவர் ஃபார்தான் வேகம் என்பார். இன்னொருவர் ஃபார்ஈச் படிக்க அழகாக இருக்கிறது, அதுவே போதும் என்பார். மூன்றாமவர் பட்டியலைக் கடைசியிலிருந்து சுற்றச் சொல்வார்.

ஆனால் எட்டு வினாடி எடுக்கும் ஒரு பக்கம், ஃபார்ஈச்சை எடுத்துவிட்டு ஃபார் போட்டதால் ஒரு வினாடிக்கு வந்த கதை மிக அபூர்வம். நேரம் வேறு இடத்தில் போகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் லூப்பைப் படித்ததும் அது என்ன செய்கிறது என்று புரிய வேண்டும். படிக்க எளிதாக எழுதுவதையும் வேகமாக ஓடும்படி எழுதுவதையும் எதிரெதிர் வேலைகளாகப் பலர் நினைக்கிறார்கள். வெப் நிரலில் பெரும்பாலும் முதலாவது இருந்தால்தான் இரண்டாவது கைகூடும்.

லூப்பின் செலவு எப்படிக் கூடுகிறது

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளைதான் லூப். ஒவ்வொரு தடவையும் நடப்பதை ஒரு சுற்று என்போம். மொத்தச் செலவு மூன்று விஷயங்களைப் பொறுத்தது.

1. சுற்றை நடத்தும் செலவு. இன்னும் தொடர வேண்டுமா என்று பார்ப்பது, எண்ணை ஒன்று கூட்டுவது, அடுத்த உருப்படியை எடுப்பது. இவை நானோ வினாடிக் கணக்கு.

2. சுற்றுக்குள் நடக்கும் வேலை. இரண்டு எண்களைக் கூட்டுவதாக இருந்தால் அதுவும் நானோ வினாடிதான். டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி (குவெரி) கேட்பதாக இருந்தால் மில்லி வினாடி. ஒரு மில்லி வினாடி என்பது பத்து லட்சம் நானோ வினாடி.

3. சுற்றுகளின் எண்ணிக்கை. முதல் இரண்டையும் கூட்டி, இந்த எண்ணால் பெருக்க வேண்டும்.

எந்த லூப் வேகமானது என்ற விவாதம் முழுக்க முதல் வரியைப் பற்றியது. பக்கங்களை மெதுவாக்குவது இரண்டாவதும் மூன்றாவதும்.

அப்படியானால் எந்த லூப்பை எழுதுவது?

படிப்பவருக்கு எது நோக்கத்தைச் சொல்கிறதோ அதை எழுதலாம். ஜாவாஸ்கிரிப்டில் நடைமுறை வழி இது.

1. வழக்கமான தேவைக்கு ஃபார் ஆஃப். 2015 பதிப்பில் வந்தது. உருப்படியே நேராகக் கையில் கிடைக்கும். லூப்பை நிறுத்தும் பிரேக், அடுத்த சுற்றுக்குத் தாண்டும் கன்டினியூ, விடை வரும்வரை காத்திருக்கும் அவெய்ட் எல்லாம் இதற்குள் எதிர்பார்த்தபடி வேலை செய்யும்.

2. ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியல் வேண்டுமென்றால் மேப், சிலவற்றை மட்டும் பொறுக்க ஃபில்டர். இவை 2009-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து உள்ளன. மேப் திருப்பித் தரும் பட்டியலைப் பயன்படுத்தாமல் வெறுமனே சுற்றுவதற்காக அதை எழுதுவது படிப்பவரைத் தவறான வழியில் விடும்.

3. "ஒன்றாவது இருக்கிறதா", "எல்லாமே சரியா", "முதலில் கிடைப்பது எது" என்ற கேள்விகளுக்கு சம் (some), எவ்ரி, ஃபைண்ட். விடை தெரிந்ததும் இவை நின்றுவிடும். பட்டியலை முழுக்க ஃபில்டர் செய்துவிட்டு முதல் உருப்படியை எடுப்பதைவிட ஃபைண்ட் தெளிவு, வேலையும் குறைவு.

4. எண்ணை வைத்துச் சுற்றும் பழைய ஃபார், எண்ணே தேவைப்படும்போது. பின்னிருந்து வர, இரண்டிரண்டாகத் தாண்ட, பக்கத்து உருப்படியோடு ஒப்பிட.

5. ஃபார் இன், ஆப்ஜெக்டின் சாவிகளைச் சுற்ற மட்டும். பட்டியலில் போட்டால் எண் எழுத்துச் சரமாக வரும். அதோடு 1 கூட்டினால் 0-க்கு அடுத்து 1 வராது, "01" வரும். மரபுவழி வந்த பண்புகளும் கூடவே நுழையும்.

ஃபார்ஈச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதற்குள் பிரேக் போட முடியாது. ரிட்டர்ன் போட்டால் அந்தச் சுற்று மட்டும்தான் முடியும். லூப் தொடர்ந்து ஓடும். கிடைத்ததும் நின்றுவிட்டது என்று நம்பி எழுதப்பட்ட நிரல் கடைசி உருப்படி வரை போய்க்கொண்டிருக்கும்.

பட்டியலின் நீளத்தை முன்கூட்டியே ஒரு மாறியில் எடுத்து வை, கடைசியிலிருந்து சுற்று என்ற பழைய அறிவுரைகள், பிரவுசர்கள் ஜாவாஸ்கிரிப்டை வரிவரியாக விளக்கி ஓட்டிய காலத்தவை. அப்போது அவற்றுக்கு நியாயம் இருந்தது. 2008-ல் குரோமோடு வி8 இன்ஜின் வந்த பிறகு, அடிக்கடி ஓடும் நிரலை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் முறை எல்லா பிரவுசர்களிலும் பரவியது. சாதாரணப் பட்டியலின் நீளத்தைப் பார்ப்பது இன்று கணக்கில் வராத செலவு. அதற்காக நிரலைச் சிக்கலாக்க வேண்டியதில்லை.

லூப்புக்குள் குவெரி

சர்வர் பக்கத்தில் அதிக நேரத்தைத் தின்பவற்றில் இதுவும் ஒன்று என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆர்டர் பட்டியல் பக்கம் ஒன்று. நூறு ஆர்டர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வாடிக்கையாளர் பெயர். நிரலைத் தமிழில் எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

ஆர்டர்கள் = டேட்டாபேஸிலிருந்து 100 ஆர்டர்
ஒவ்வொரு ஆர்டருக்கும்:
— ஆர்டர்.எண் அச்சிடு
— ஆர்டர்.வாடிக்கையாளர்.பெயர் அச்சிடு

பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. ஆனால் சர்வர் நிரல் எழுத உதவும் லாராவெல், ஜாங்கோ போன்ற கட்டமைப்புகளில் "ஆர்டர்.வாடிக்கையாளர்" என்று தொடும்போதுதான் அந்த வாடிக்கையாளரின் விவரம் டேட்டாபேஸிலிருந்து எடுக்கப்படும். புள்ளி வைத்த ஒரு சொல்லுக்குள் ஒரு முழு குவெரி ஒளிந்திருக்கிறது. ஆக, ஆர்டர்களை எடுக்க 1, வாடிக்கையாளர்களை எடுக்க 100, மொத்தம் 101 குவெரி. இதைத்தான் என் பிளஸ் ஒன் சிக்கல் என்கிறார்கள்.

ஒரு குவெரி போய்வர 2 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம். 101-க்கு 200 மில்லி வினாடிக்குச் சற்று மேல். டேட்டாபேஸ் வேறு இயந்திரத்தில், தொலைவில் இருந்து, போய்வர 10 மில்லி வினாடி ஆனால் ஒரு வினாடியைத் தாண்டிவிடும். அதே பக்கத்தில் ஒவ்வொரு ஆர்டரிலும் உள்ள பொருள்களையும் காட்டினால் இன்னொரு நூறு.

இதைக் கண்டுபிடிப்பது கடினம். அதற்குக் காரணங்கள் உண்டு. லூப் பெரும்பாலும் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் டெம்ப்ளேட் கோப்பில் இருக்கும், குவெரி எழுதிய இடம் வேறு கோப்பு; இரண்டையும் ஒன்றாக வைத்து யாரும் படிப்பதில்லை. நிரலர் தன் கணினியில் சோதிக்கும்போது ஐந்து ஆர்டர்கள்தான் இருக்கும், டேட்டாபேஸும் அதே கணினியில் இருக்கும். பக்கம் சட்டென்று திறக்கும். ஆறு மாதம் கழித்து தரவு பெருகியதும்தான் புகார் வரும். அப்போது இந்த வரியை எழுதியவருக்கே அது நினைவிருக்காது.

தீர்வு, தேவையானதை லூப்புக்கு வெளியே மொத்தமாக எடுப்பது. ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் ஆர்டரையும் வாடிக்கையாளரையும் ஜாயின் போட்டு, அதாவது இரண்டு அட்டவணைகளை இணைத்து, ஒரே குவெரியில் கொண்டுவரும். ஓர் ஆர்டருக்குப் பல பொருள்கள் என்பது போன்ற உறவுக்கு பிரீஃபெட்ச் ரிலேட்டட், தனியாக ஒரு குவெரி ஓட்டி இணைத்துத் தரும். லாராவெலில் அதற்கு வித். 101 குவெரி 1 அல்லது 2 ஆகிவிடும். லாராவெலில் இப்படித் தாமதமாக எடுப்பதையே தடைசெய்யும் அமைப்பும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் டெம்ப்ளேட் தெரியாமல் குவெரி ஓட்ட முனையும்போது பிழை காட்டி நின்றுவிடும். நிரல் எழுதும் கணினியிலாவது இதைக் கட்டாயம் போட்டு வைக்க வேண்டும்.

லூப்புக்குள் ஒளிந்திருக்கும் லூப்

பட்டியலில் ஒன்றைத் தேடும் இன்க்ளூட்ஸ், ஃபைண்ட், இன்டெக்ஸ்ஆஃப் எல்லாம் பார்க்க ஒற்றைச் சொற்கள். உள்ளே ஒவ்வொன்றும் ஒரு லூப். பத்தாயிரம் பொருள்களைச் சுற்றி, ஒவ்வொன்றும் பத்தாயிரம் உருப்படிகள் கொண்ட இன்னொரு பட்டியலில் இருக்கிறதா என்று இன்க்ளூட்ஸ் வைத்துப் பார்த்தால், எதுவுமே கிடைக்காத நிலையில் 10 கோடி ஒப்பீடு.

இதற்கு எல்லோரும் அறிந்த ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு தொடங்கப் பல நிமிடம் ஆகிறது என்று ஆண்டுக்கணக்கில் புகார் இருந்துவந்தது. 2021 பிப்ரவரியில் வெளியாள் ஒருவர் அதை அலசிக் காரணத்தை வெளியிட்டார். விளையாட்டு தொடங்கும்போது வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் ஒன்று படிக்கப்படுகிறது. ஏறக்குறைய 10 எம்பி ஜேசன் (தரவை எழுத்தாக எழுதிவைக்கும் வடிவம்), அதில் சுமார் 63,000 உருப்படிகள். அதில் இரண்டு தவறுகள்.

1. ஜேசனிலிருந்து ஒவ்வொரு மதிப்பையும் படிக்கப் பயன்படுத்திய ஃபங்ஷன், ஒவ்வொரு தடவையும் மீதமுள்ள எழுத்து முழுவதையும் கடைசி வரை எண்ணி நீளம் பார்த்தது. 10 எம்பியை மறுபடி மறுபடி எண்ணுவது என்றால் எவ்வளவு வேலை என்று பாருங்கள்.

2. உருப்படி ஏற்கெனவே சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, அதுவரை சேர்ந்த எல்லாவற்றோடும் ஒன்றொன்றாக ஒப்பிட்டது. கூட்டிப் பார்த்தால் 198 கோடிக்கும் மேற்பட்ட ஒப்பீடு. இத்தனைக்கும் அந்தப் பட்டியலில் எல்லாமே தனித்தனி உருப்படிகள். திரும்ப வருவது எதுவும் இல்லை.

அவர் இரண்டையும் சரிசெய்து ஓட்டியபோது தம் கணினியில் ஆறு நிமிடம் எடுத்தது இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. தயாரிப்பு நிறுவனமான ராக்ஸ்டார் அதை ஏற்று அடுத்த மாதமே திருத்தம் வெளியிட்டது; அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. எந்த வகை லூப் என்பது இந்தக் கதையில் எங்குமே வரவில்லை.

வெப் நிரலில் இதற்கான மருந்து எளிது. தேட வேண்டிய பட்டியலை முதலில் ஒரே ஒரு தடவை சுற்றி செட் அல்லது மேப் என்ற தரவு அமைப்பில் போட்டுவிட வேண்டும். (இந்த மேப் வேறு, மேலே சொன்ன ஃபங்ஷன் வேறு.) அதில் தேடுவது, பட்டியல் எவ்வளவு பெரிதானாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும். 10 கோடி ஒப்பீடு, இருபதாயிரம் சின்ன வேலையாகக் குறையும். நிரலும் தெளிவாகும்: "கையிருப்பில் உள்ளவை" என்று பெயர் வைத்த ஒரு செட், அதில் இருக்கிறதா என்ற ஒரு கேள்வி.

பட்டியலை ஒரே விடையாகச் சுருக்கும் ரெட்யூஸிலும் இதே சிக்கல் வேறு வேடத்தில் வரும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று புள்ளி போட்டுப் பழைய பட்டியலை முழுக்க நகலெடுத்து, கடைசியில் ஒன்றைச் சேர்த்துத் திருப்பித் தருவது இப்போது பரவலாகிவிட்டது. பத்தாயிரம் உருப்படிக்கு இது ஏறக்குறைய 5 கோடி நகலெடுப்பு. ஒரு காலிப் பட்டியலைத் தொடங்கி ஃபார் ஆஃப் வைத்துச் சேர்த்துக்கொண்டே போவதில் ஒரு குறையும் இல்லை.

திரையைத் தொடும் லூப்

பிரவுசரில் விலை உயர்ந்த வேலை, பக்கத்தை மாற்றுவது. ஆயிரம் வரிசைகளைச் சேர்க்க, ஒவ்வொரு சுற்றிலும் உறுப்பின் உள்ளடக்கத்தைக் குறிக்கும் இன்னர்எச்டிஎம்எல்-இல் பிளஸ் ஈக்வல் (+=) போட்டு ஒட்டினால், பிரவுசர் ஒவ்வொரு தடவையும் இருப்பதை எல்லாம் எழுத்தாக்கி, புதியதைச் சேர்த்து, மொத்தத்தையும் மறுபடி உருவாக்கும். 1, 2, 3 என்று ஆயிரம் வரை கூட்டினால் 5 லட்சம் வரிசைகளை உருவாக்கிய வேலை. பழைய பட்டன்களோடு இணைத்த, கிளிக் செய்ததும் ஓட வேண்டிய நிரல்களும் போய்விடும். லூப்புக்குள் எழுத்தை மட்டும் சேர்த்துவைத்து, வெளியே வந்ததும் ஒரே தடவை போட்டால் போதும். பயனர் தந்த எழுத்து அதில் இருந்தால் நேராகப் போடக் கூடாது என்பது தனி விதி. அப்போது உறுப்புகளை உருவாக்கி, அந்த எழுத்தை டெக்ஸ்ட் கன்டென்ட் வழியாக வெறும் எழுத்தாக வைத்து, டாக்குமென்ட் ஃபிராக்மென்ட்டில் சேர்த்து ஒட்டுவது பாதுகாப்பு.

அடுத்தது, அளப்பதையும் மாற்றுவதையும் கலப்பது. ஒரு பெட்டியின் ஆஃப்செட் விட்த்தை (திரையில் உள்ள அகலம்) படித்து, உடனே அதன் அகலத்தை மாற்றி, அடுத்த பெட்டிக்குப் போனால், ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் பிரவுசர் பக்க அமைப்பை மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். முதல் லூப்பில் எல்லாவற்றையும் அளந்துகொண்டு, இரண்டாவது லூப்பில் எல்லாவற்றையும் மாற்றலாம். லூப் இரண்டாகிறது, வேலை குறைகிறது.

வேகத்தைவிடச் சரியான விடையையே கெடுக்கும் ஒன்றும் இங்கே உண்டு. கெட் எலிமென்ட்ஸ் பை கிளாஸ்நேம் தருவது உயிருள்ள பட்டியல். பக்கம் மாறினால் அதுவும் தானாக மாறும். "புதியது" என்ற கிளாஸ் உள்ள அ, ஆ, இ, ஈ என நான்கு உறுப்புகளிலிருந்து அந்தக் கிளாஸை எண் வைத்துச் சுற்றி நீக்குவதாகப் பார்ப்போம்.

1. எண் 0: அ-வில் நீக்கியதும் பட்டியல் ஆ, இ, ஈ என்று சுருங்குகிறது.
2. எண் 1: இப்போது அந்த இடத்தில் இருப்பது இ. அதில் நீக்கியதும் மிச்சம் ஆ, ஈ.
3. எண் 2: நீளமும் 2. லூப் முடிந்தது.

ஆவும் ஈயும் தொடப்படவே இல்லை. பிழைச் செய்தியும் வராது. குவெரி செலக்டர் ஆல் தரும் பட்டியல் இப்படி மாறாது என்பதால் அதைப் பயன்படுத்துவதே நல்லது.

பிஎச்பி-யிலும் சத்தமில்லாமல் விடையைக் கெடுக்கும் லூப் ஒன்று உண்டு. ஃபார்ஈச்சில் மாறிக்கு முன் ஆம்பர்சண்ட் (&) போட்டு உருப்படிகளை நேரடியாக மாற்றினால், லூப் முடிந்த பிறகும் அந்த மாறி கடைசி உருப்படியோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதே பெயரில் இன்னொரு ஃபார்ஈச் ஓட்டினால் 1, 2, 3 என்ற பட்டியல் 1, 2, 2 ஆகிவிடும். முதல் லூப் முடிந்ததும் அந்த மாறியை அன்செட் செய்ய வேண்டும்.

காத்திருக்கும் லூப்

வேறொரு சேவையிடம் தரவு கேட்கும் ஏபிஐ அழைப்புகள் பத்து, ஒவ்வொன்றும் 300 மில்லி வினாடி. ஃபார் ஆஃப் லூப்புக்குள் அவெய்ட் போட்டால் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. மொத்தம் 3 வினாடி. பத்தையும் ஒன்றாக அனுப்பி பிராமிஸ் ஆல் வைத்துக் காத்திருந்தால், சர்வர் தாங்கும் பட்சத்தில், 300 மில்லி வினாடிக்குச் சற்று மேல் ஆகும். ஒன்று தோற்றாலும் பிராமிஸ் ஆல் முழுவதையும் தோல்வியாகச் சொல்லும். ஒவ்வொன்றின் நிலையும் தனித்தனியாக வேண்டுமென்றால் 2020 பதிப்பில் வந்த ஆல் செட்டில்டு.

அதற்காக எப்போதும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்றில்லை. ஒரு பக்கத்தின் விடையில்தான் அடுத்த பக்கத்துக்கான குறி இருக்கிறது என்றால் வரிசையாகக் காத்திருப்பதுதான் சரி. ஐயாயிரம் அழைப்புகள் என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்புவது எதிர்முனையைத் திணறடிக்கும். பத்துப் பத்தாகவோ இருபது இருபதாகவோ பிரித்து அனுப்பலாம்.

ஃபார்ஈச்சுக்குள் அவெய்ட் போடவே கூடாது. ஃபார்ஈச் எதற்கும் காத்திருக்காது. "எல்லாம் சேமிக்கப்பட்டது" என்ற செய்தி திரையில் வந்துவிடும், சேமிப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கும். பயனர் அந்தச் செய்தியை நம்பிப் பக்கத்தை மூடினால் அவர் தரவு போய்விடும்.

படிக்கத்தக்க லூப் எப்படி இருக்கும்

மாறிகளுக்கு ஐ, ஜே, கே என்று பெயர் வைத்த மூன்றடுக்கு லூப்பில் எது ஆர்டர், எது பொருள் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். பட்டியலுக்குப் பன்மையில் "ஆர்டர்கள்", உருப்படிக்கு ஒருமையில் "ஆர்டர்" என்று வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். தேவையில்லாதவற்றைச் சுற்றின் தொடக்கத்திலேயே கன்டினியூ போட்டு விலக்கிவிட்டால், முக்கியமான வேலை நான்கு இஃப்புகளுக்குள் புதையாமல் வெளியே தெரியும். உள் லூப்பை எடுத்துப் பெயருள்ள ஃபங்ஷன் ஆக்கலாம். ஆனால் அதற்குள் குவெரியோ ஏபிஐ அழைப்போ இருந்தால் பெயரிலேயே அது தெரிய வேண்டும். "வாடிக்கையாளர்" என்ற பெயரைவிட "டேட்டாபேஸிலிருந்து வாடிக்கையாளரை எடு" என்ற பெயர் நீளம்தான். ஆனால் அது லூப்புக்குள் நிற்பதைப் பார்த்ததும் நிரலைச் சரிபார்ப்பவருக்கு உறுத்தும். அந்த உறுத்தல்தான் நமக்கு வேண்டும்.

மேப், ஃபில்டர் இரண்டையும் சங்கிலியாகக் கோப்பது சில ஆயிரம் உருப்படி வரை நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு கண்ணியும் ஒரு புதிய பட்டியலை உருவாக்குகிறது என்பதால் லட்சக்கணக்கில் போகும்போது ஒரே ஃபார் ஆஃப் லூப்பாக எழுதலாம். அல்லது 2025 பதிப்பில் வந்த இட்டரேட்டர் உதவி ஃபங்ஷன்களைப் பயன்படுத்தலாம். அவை இடைப் பட்டியல் உருவாக்காமல் ஒன்றொன்றாகக் கடத்தும்.

அளக்கும் முறை

பிரவுசரில் 50 மில்லி வினாடிக்கு மேல் முதன்மை இழையை (பக்கத்தின் நிரலும் பயனருக்கான பதிலும் ஓடும் இடம்) பிடித்துவைக்கும் வேலை நீண்ட வேலை என்று கணக்கிடப்படுகிறது. 2024 மார்ச்சிலிருந்து கூகுள், பக்கத்தின் அனுபவத்தை அளக்கும் தன் கோர் வெப் வைட்டல்ஸ் அளவைகளில் ஐஎன்பி என்பதைச் சேர்த்திருக்கிறது: பயனர் தொட்டதற்குப் பக்கம் 200 மில்லி வினாடிக்குள் பதில் காட்டினால் நல்லது. கனமான லூப் ஓடும்போது பட்டன்கூட அமுங்காது என்பதால் இந்த அளவை நேராக அடிவாங்கும். அப்படிப்பட்ட லூப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து இடையிடையே பிரவுசருக்கு மூச்சுவிட நேரம் தரலாம், அல்லது பின்னணியில் தனியாக ஓடும் வெப் வொர்க்கருக்கு மாற்றலாம். குரோமின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வேகத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்க்கும் வசதி உண்டு. புது மடிக்கணினியில் 30 மில்லி வினாடி எடுக்கும் லூப், அதில் 120-க்கு அருகே போகும். விலை குறைந்த போன் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அந்த அனுபவம்தான்.

சர்வர் பக்கத்தில் நேரத்தைவிடக் குவெரி எண்ணிக்கையை அளப்பது நம்பகமானது. நேரம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், எண்ணிக்கை மாறாது. ஜாங்கோவில் இதற்கென்றே அசெர்ட் நம் குவெரீஸ் என்ற சோதனை வசதி இருக்கிறது. ஐந்து ஆர்டர் வைத்து ஒரு தடவையும் ஐம்பது ஆர்டர் வைத்து ஒரு தடவையும் அதே பக்கத்தை ஓட்டிப் பார்த்து, இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று சோதனை எழுதிவிடலாம். ஆறு மாதம் கழித்து யாராவது டெம்ப்ளேட்டில் ஒரு புள்ளியை வைத்துப் புதிய விவரம் காட்ட முயன்றால், அந்த மாற்றம் சர்வருக்குப் போகும் முன்பே சோதனை சிவப்பாகும்.